எல்லம்மா சொன்ன நிலையாத்தா

இரும்புலியூரில் ஏரிப் பக்கம் போகிற தெருவில் ரத்தினம் ஒற்றை அறை வீடு கட்டியது எண்பத்து மூன்றாம் வருஷம். செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ். பல்லாவரத்தில் இடித்த ஏதோ பங்களாவின் தேக்கு வாசல்நிலை ஒன்று பழைய மரக்கடையில் கிடந்தது. அவன் அதைப் பார்த்து ஆசைப்பட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆளைவிடத் தலைப்பாகை பெரிசு என்று தெருவில் சிரித்தார்கள். நிலையின் கீழ்க்கட்டை ஒரு சாண் உயரம். வந்தவர் போனவர் எல்லாரும் அதில் ஒரு தடவையாவது காலை இடித்துக்கொண்டார்கள்.

ரத்தினத்துக்குத் திரிசூலத்துக் கல்குவாரியில் லாரிக்கு லோடு ஏற்றுகிற வேலை. அவன் பெண்டாட்டி எல்லம்மா மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா. குடிக்காத நாளில் அவனைப்போல் ஒருத்தன் கிடையாது. தண்ணீர்கூட அவனே பிடித்து வைப்பான். குடித்த நாளில் கை நீளும். அந்த வருஷம் போய் அடுத்த வருஷ ஐப்பசிக்குள் அவள் இரண்டு தடவை உதடு கிழிந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். குழாயடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தாள்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மழை விட்டிருந்தது, கரண்ட் இல்லை. எல்லம்மாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். ரத்தினம் தெருமுனையில் திரும்பி வருகிற நடையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"உள்ள வராதய்யா" என்றாள்.

"எவன் வூட்டுக்குள்ள எவன வரக்கூடாதுன்ற?"

"நான் சொல்லல. நிலையில ஆத்தா நிக்கிறா. குட்ச்சிட்டு தாண்டுனா கால வாங்கிக்கினு பூடுவா."

"எந்த ஆத்தா?"

"நிலையாத்தா."

அந்தப் பெயரை அவள் அதுவரை எங்கேயும் கேட்டதில்லை. அவள் பிறந்த குன்றத்தூரில் முருகன் உண்டு, எல்லையில் ஒரு மாரி உண்டு, நிலையாத்தா என்று யாரும் கிடையாது. பயத்தில் வாய்க்கு வந்தது அது. ரத்தினம் சிரித்துக்கொண்டே அவளை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் காலைத் தூக்கி வைத்தான். ஈரக்கால். ஒரு சாண் கட்டை. அவன் விழுந்த சத்தம் எதிர்வீட்டில் கேட்டது. கணுக்காலில் எலும்பு முறிந்து, பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அவன் அலறினான். எல்லம்மா நிலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதிர்வீட்டுக் காமுவுக்குக் காதும் கூர்மை, வாயும் கூர்மை. நடந்த பேச்சு முழுவதையும் அவள் தன் வாசலிலிருந்து கேட்டிருந்தாள். ரத்தினத்துக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அழைத்து வருவதற்குள் நிலையாத்தா தெரு முழுக்கப் பரவிவிட்டாள். சிலர் ஈரப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஆறு வாரம் அவன் படுத்தே கிடந்தான். படுத்த இடத்திலிருந்து பார்த்தால் தெரிவது அந்த நிலை ஒன்றுதான். கட்டுப் பிரித்த அன்று, "அதுக்கு மஞ்ச குங்குமம் வெய்யி" என்று மட்டும் சொன்னான். அதற்குள் பெண் குழந்தை பிறந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் குடிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. குடித்தால் வீட்டுக்குள் வரமாட்டான். வெளியில் சாக்கை விரித்துப் படுத்துவிடுவான். மழைக்காலத்தில் அது கஷ்டம் என்பதால் மழைக்காலத்தில் குடி குறைந்தது. பிறகு மற்றக் காலத்திலும் குறைந்தது.

தெருவுக்கு ஒரு தெய்வம் கிடைத்தால் சும்மா விடுமா? முதல் தடவை வேலைக்குப் போகிறவன், கல்யாணமாகிப் போகிற பெண், துபாய்க்குப் போகிறவன், ஆபரேஷனுக்குப் போகிற கிழவர் என்று ஓர் இடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் போகிற எல்லாரும் கிளம்புமுன் எல்லம்மா வீட்டு நிலையில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனார்கள். எல்லம்மா குங்குமம் கொடுத்து, "நல்லபடியா போய்ட்டு வா" என்பாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் சட்டங்கள் தாமாக வளர்ந்தன. இடது காலை முன்னால் வைக்கக் கூடாது. படியில் உட்கார்ந்து தலை வாரக் கூடாது. யார் சொன்னது என்று கேட்டால், எல்லம்மா சொன்னாள் என்பார்கள். காமுவின் மகள் கஜலட்சுமியும் எண்பத்து ஒன்பதில் கல்யாணமாகிச் செங்குன்றத்துக்குப் போனபோது அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

எல்லம்மா உண்மையை ஒரே ஒருத்தரிடம் சொல்லியிருந்தாள், பள்ளிக்கூடத்து ஹில்டா டீச்சரிடம். மத்தியான மணி அடித்து, பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம்.

"அது நானா சொன்னது டீச்சர். அப்பிடி ஒரு சாமியே கெடையாது."

ஹில்டா டீச்சர் டிபன் டப்பாவை மூடினார். "பொய்ன்னு உனக்கே தெரியுதுல்ல. சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா அவரு திருப்பி ஆரம்பிச்சிடுவாரு."

"எனக்கு இதுல என்ன சொல்றதுன்னு தெரியல எல்லம்மா. ப்ரே பண்றேன்" என்றார். பண்ணியும் இருப்பார்.

தொண்ணூற்று ஒன்றில், ஆடி முடிகிற சமயம், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு கஜா தெருவில் வந்து நின்றாள். செங்குன்றத்திலிருந்து முதல் பஸ் ஏறி வந்திருந்தாள். கையில் ஒரு ஒயர்கூடை. இடது கை முழங்கைக்குக் கீழே வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே பழைய காயமும் புதுக் காயமும் இருந்தன.

காமு தன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"போன பொண்ணு திரும்பி படி ஏறக்கூடாது. நிலையாத்தா உடமாட்டா. வந்த வழியே போய்டு."

"ஒரு வாரம் இருந்துட்டு போறம்மா" என்றாள் கஜா.

"ஒரு நாழி கூட கூடாது."

குழாயடியில் நின்றவர்கள் குடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். யாரோ போய் எல்லம்மாவைக் கூப்பிட்டார்கள். பாத்திரம் துலக்கிய கையோடு அவள் வந்தாள்.

"நீயே சொல்லு எல்லம்மா" என்றாள் காமு. "ஆத்தா உடுவாளா?"

உடுவாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் எல்லம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் கஜாவைப் பார்த்துவிட்டாள். கஜா தன் அம்மாவைப் பார்க்கவில்லை. எல்லம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து என்ன வருகிறதோ அதற்குக் கட்டுப்பட்டுத் திரும்பி பஸ் ஏறத் தயாராக, கூடையைக் கீழே வைக்காமல் நின்றாள். ரத்தினம் தெருமுனையில் திரும்புகிற நடையைத் தான் பார்த்துக்கொண்டு நின்ற சாயங்காலங்கள் எல்லம்மாவுக்கு ஞாபகம் வந்தன. இப்போது ரத்தினத்தின் இடத்தில் தான் நிற்கிறோம், தன்னைப் பார்த்து ஒருத்தி நடுங்குகிறாள் என்பது அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"ஆத்தாவே கெடையாதுக்கா" என்றாள். "நான்தான் சொன்னேன். இந்தாளு குட்ச்சிட்டு வந்துச்சு. அடி தாங்க முடியல. வாயில வந்தத சொன்னேன்."

"இன்னாடி ஒளர்ற? அவன் காலு ஒடஞ்சுதே."

"படி ஈரமா இருந்துச்சி. ஒயரமா வேற கீது. அதான் ஒடஞ்சுது."

காமு தன் இடத்தை விட்டு அசையவில்லை.

"ஆத்தா இல்லாங்காட்டி இன்னா" என்றாள். "ஊரு கீதுல்ல?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லம்மா கஜாவின் கையிலிருந்து ஒயர்கூடையை வாங்கினாள். "வா" என்றாள். தன் வீட்டு வாசலில் ரத்தினம் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, "பொண்ணு எதுனா துன்னுச்சா கேளு" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

சாயங்காலம் குடித்துவிட்டு வந்தான். ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் குடித்த காலோடு அந்தப் படியைத் தாண்டினான். எல்லம்மா பெண்ணையும் கஜாவையும் பின்னால் தள்ளிவிட்டு அடுப்புப் பக்கம் நின்றாள். அவன் ஒன்றும் செய்யவில்லை. மூலையில் படுத்துக்கொண்டான். அந்த வாரம் இன்னும் மூன்று நாள் அப்படியே வந்தான். ஐந்தாம் நாள் காலையில் அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எல்லம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

"கோவமா கீறியா?"

"தெருவுல அத்தினி பேர் முன்னால சொன்னியே. என்னாண்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"அட்ச்சிருப்பேன்" என்றான்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சம்பள நாள் குடி அவன் கடைசி வரைக்கும் விடவில்லை. ஆனால் கை நீட்டவில்லை. ஏன் என்று எல்லம்மா கேட்கவும் இல்லை. கேட்டு அதைக் கலைத்துவிடக் கூடாது என்று இருந்தாள்.

தெருவில் சிலர் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். இத்தனை வருஷம் ஏமாற்றினாளே என்று ஒரு கோபம். இன்னும் சிலருக்கு, ஆத்தாவை இல்லையென்று சொல்லிவிட்டாளே, அவளுக்கு என்ன ஆகப்போகிறதோ என்று பயம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அப்போதும் நிலையைத் தொட்டுவிட்டுத்தான் போனார்கள். தொடாதே என்று முதலில் விரட்டினாள், பிறகு விட்டுவிட்டாள்.

கஜா ஒரு வாரம் என்று வந்தவள் நாலரை வருஷம் இருந்தாள். கை குணமானதும் ஹில்டா டீச்சர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்த்துவிட்டார். தினமும் ஏழரை மணிக்கு டிபன் டப்பாவோடு மகள் எதிர்வீட்டிலிருந்து கிளம்புவதைக் காமு தன் வாசலிலிருந்து பார்ப்பாள். மகள் தலை தெரிந்ததும் துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பிப்பாள். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவாள். மகன் கல்யாணம் நல்லபடி முடிந்தது. பதினோரு மாதம் கழித்து கஜா ஜுரத்தில் படுத்தாள். மூன்றாம் நாள் காலையில் எல்லம்மா கதவைத் திறந்தபோது வெளியில் ஒரு தூக்குவாளியில் மிளகு ரசம் இருந்தது. யார் வைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாளி அந்தத் தெருவுக்கே தெரியும்.

எல்லம்மா வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

"உப்பு கம்மிக்கா" என்றாள்.

"ஜுரத்துக்கு அப்பிடித்தான் வெக்கணும்" என்றாள் காமு. பிறகு, "கஞ்சி குட்ச்சாளா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு கஜா அம்மா வீட்டுக்குப் போகவர இருந்தாள். சாப்பிடுவாள், அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொள்வாள், படுக்க மட்டும் எல்லம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். அங்கேயே இருந்துகொள் என்று காமு ஒரு நாள் சொன்னாள். இருக்கட்டும்மா என்றாள் கஜா. அந்த ஒரு விஷயத்தில் அவள் மனசு இறங்கவில்லை.

செங்கல்பட்டு கோர்ட்டில் விவாகரத்து கிடைக்கத் தொண்ணூற்று ஐந்து ஆகிவிட்டது. அடுத்த வருஷம் தை மாதத்தில், அதே கம்பெனியில் மெக்கானிக்காக இருந்த எலியேசர் என்பவனைக் கஜா தாம்பரம் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் வேற்று மதம் என்று காமு இரண்டு மாதம் கத்தினாள். கல்யாணத்தன்று, நான் சும்மா பார்த்துட்டுப் போகத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டே பட்டுப்புடவையில் வந்து பெஞ்சியில் உட்கார்ந்தாள்.

சாட்சி மூன்று பேர் வேண்டும். ஹில்டா டீச்சர் கையெழுத்துப் போட்டார். எல்லம்மா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். மூன்றாவதாக வரவேண்டிய எலியேசரின் நண்பன் வந்து சேரவில்லை. அடுத்த ஜோடி வாசலில் காத்திருந்தது. கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்தம்மா யாரு?" என்று காமுவைக் காட்டிக் கேட்டார்.

"எங்கம்மா சார்" என்றாள் கஜா.

"கையெழுத்துப் போடுவாங்களா?"

"ரேகைதான் வெப்பேன்" என்றாள் காமு. சொல்லும்போதே எழுந்துவிட்டாள்.

கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டு, மை ஒட்டிய விரலைத் துடைக்க இடம் தேடினாள். தன் பட்டைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற எல்லம்மாவின் முந்தானையை இழுத்துத் துடைத்தாள்.

"புதுப் பொடவக்கா" என்றாள் எல்லம்மா.

"தொவச்சா பூடும், கம்முனு இரு" என்றாள் காமு.