ஒருத்திக்கு மட்டும் வந்த அழைப்பு

சலவைக்கூடத்தில் அவளுக்கு அண்ணி என்றுதான் பெயர். முதலில் அப்படிக் கூப்பிட்டது அவள் கணவனின் தங்கை. அதைக் கேட்டு மற்ற பெண்களும், லாரி ஓட்டுகிறவரும், கடைசியில் அவளைவிட மூத்தவரான சூப்பர்வைசரும்கூட அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நாத்தனாரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே அண்ணிதான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஓர் உதறு உதறி, சூடான பெரிய ரோலருக்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தியின் கை கொஞ்சம் முந்தினாலும் துணி கோணிக்கொண்டு போய்ச் சுருக்கம் விழுந்துவிடும். அண்ணியும் நாத்தனாரும் கொடுத்தால் கோடு போட்டதுபோல் போகும். அதுவும் சும்மா கொடுக்கமாட்டார்கள். இயந்திர இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, வீட்டுக்கதை தெருக்கதை எல்லாம் பேசிக்கொண்டே கொடுப்பார்கள்.

"அண்ணியும் நாத்தனாரும் இப்படி ஒட்டிக்கிட்டிருந்து நான் பார்த்ததே இல்ல. அந்த ரோலர்ல ஏதோ பசை இருக்கு" என்பார் லாரிக்காரர்.

அந்த ரோலரில்தான் ஒருநாள் நாத்தனாரின் கை மாட்டியது. கை பட்டதும் இயந்திரத்தை நிறுத்த வேண்டிய தடுப்புக்கம்பி வேலை செய்யவில்லை. அது கெட்டுக் கிடப்பதைப் பல முறை சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணி ஓடிப்போய்ச் சுவரில் இருந்த பெரிய சுவிட்சை அணைத்தாள். விரல்கள் தப்பின. ஆனால் புண் ஆறிய பிறகும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

கை ஆறி வேலைக்கு வந்தவளை முதலாளி எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்துப் பேசினார்.

"வாய் மட்டும் வேலை செஞ்சா கை இப்படித்தான் போகும். இனிமே உன்னை வச்சு நான் என்ன பண்றது?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி தன் மேலங்கியைக் கழற்றி மேசைமேல் போட்டாள்.

"கம்பி வேலை செய்யலன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டோமே, அப்போ உங்க காது எங்க போச்சு? அவளுக்கு இங்க வேலை இல்லன்னா எனக்கும் இல்ல."

இருவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். சாலைக்கு வந்ததும் நாத்தனார் அவளைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குப் பைத்தியமா அண்ணி? நீயாவது இருந்திருக்கலாம்ல?"

"இருந்து? எதிர்ல யார் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறதாம்?"

நாத்தனார் அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த காலம் நல்ல காலம் இல்லை. அண்ணிக்கு ஓர் அலுவலகத்தில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. நாத்தனார் தையல் கடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். மடங்காத விரல்களுக்கு ஊசி பிடிபடவில்லை. அதுவும் நின்றது. அண்ணியின் வீட்டில் சமைத்தால் ஒரு பாத்திரம் அடுத்த தெருவிலிருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போகும். அங்கே சமைத்தால் இங்கே வரும். இதற்கிடையே, வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த அண்ணியின் கணவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பட்டறைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அலுவலகமும் வேறு ஊருக்கு மாறப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

சூப்பர்வைசர் வீடு தேடி வந்தது அப்போதுதான். பழைய முதலாளி ஒதுங்கிக்கொண்டு மகன் பொறுப்புக்கு வந்திருக்கிறார் என்றார். புதிதாக ஒரு பெரிய ஓட்டலின் துணி வருகிறது. புதுப் பெண்கள் பாதியைச் சுருக்கத்தோடு தள்ளிவிடுகிறார்கள். பழைய ஆட்களைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு பேரும் வரணுமா?" என்றாள் அண்ணி. முகம் மலர்ந்துவிட்டது.

சூப்பர்வைசர் வாசலில் கழற்றிவிட்ட தன் செருப்பைப் பார்த்தார். "உங்களை மட்டும்தான் அண்ணி. கை சரியில்லாதவங்க வேண்டாம்னுட்டாரு."

முடியாது என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்தது. உள்ளறையில் கணவன் இருமத் தொடங்கினான். அந்த இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு, "திங்கக்கிழமை வரேன்" என்றாள்.

"நீ சொல்ல வேண்டாம். தங்கச்சிகிட்ட நானே பக்குவமா சொல்றேன்" என்றான் கணவன். அவன் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று அவளும் தள்ளிப்போட்டாள்.

திங்கட்கிழமை ரோலர் முன்னால் போய் நின்றபோது அவள் கண்ணில் முதலில் பட்டது புதுத் தடுப்புக்கம்பிதான். பளபளவென்று இருந்தது. அதை அவள் விரலால் தொட்டாள். இயந்திரம் உடனே நின்றது. மறுமுனையில் நின்ற இளம்பெண், "என்னாச்சு அக்கா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அண்ணி விரிப்பை எடுத்தாள். முதல் விரிப்பு கோணிக்கொண்டு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணியின் பின்னால் வந்து தோளில் முகத்தை வைத்தவள், அப்படியே விலகி நின்றாள். சலவைக்கூடத்துச் சோப்பும் நீராவியும் சேர்ந்த வாடை, எத்தனை முறை குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது. அது இருவருக்கும் தெரியும்.

"எப்போலேர்ந்து போற?"

"இந்த வாரம்தான்."

"எங்கிட்ட சொன்னா போகவிடமாட்டேன்னு நினைச்சியா?"

அண்ணி கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

"அவன் என் அண்ணன்தானே. அவன் மூச்சு வாங்குறது எனக்குத் தெரியாதா? சொல்லியிருந்தா நானே சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பேன் அண்ணி."

குரலை உயர்த்தவில்லை. கொண்டுவந்திருந்த பாத்திரத்தை மேடைமேல் வைத்துவிட்டு, உள்ளே அண்ணனை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். அன்று அவள் ஒரு பிடி பிடித்துத் திட்டியிருந்தால் தேவலை என்று அண்ணிக்கு இருந்தது.

அண்ணி சின்ன முதலாளியின் அறைக்குப் போய் நின்றாள். முதல் தடவை அவர் முகம்கொடுத்துப் பேசவில்லை. அவள் திரும்பத் திரும்பப் போனாள். நாத்தனாரை எடுக்காவிட்டால் நின்றுவிடுவேன் என்று சொல்ல இந்தத் தடவை அவளுக்குத் துணிவில்லை. கெஞ்சத்தான் முடிந்தது. கடைசியில், உட்கார்ந்தபடி கைத்துண்டு மடிக்கிற மேசையில் ஓர் இடம் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். அண்ணி வேலை முடிந்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் அடுத்த தெருவுக்கு ஓடினாள்.

நாத்தனார் கதவைத் திறந்து, சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"எனக்காக நீங்க எதுக்குச் சிரமப்பட்டீங்க?" என்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீ, வா, போ என்று பேசிய வாய். ஏதோ தவறி வந்துவிட்டது என்று அண்ணி நினைத்தாள். "வரேங்க. எனக்கும் வேலை வேணும்தானே" என்றாள் நாத்தனார் மறுபடியும். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னாள். தட்டில் வைத்து டீ கொண்டுவந்து கொடுத்தாள். கேட்காமலே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிற வீட்டில், அண்ணி விருந்தாளி மாதிரி முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்து டீயைக் குடித்தாள்.

நாத்தனார் வேலைக்கு வந்தாள். மடிப்பு மேசை ரோலருக்கு எதிர்ப்புறம் இருந்தது. அண்ணி நிற்கிற இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்களோடு உட்கார்ந்து கலகலவென்று பேசுவாள். அண்ணி போய் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் விடுவாள். "சாப்பிட்டீங்களா? அண்ணனுக்கு எப்படி இருக்கு?" என்பாள். பதிலைக் கவனமாகக் கேட்பாள். அதற்குமேல் பேச்சு இருக்காது.

லாரிக்காரர்தான் ஒருநாள் பொறுக்காமல், "என்னங்க ரெண்டு பேரும், சண்டையா?" என்று நாத்தனாரிடமே கேட்டுவிட்டார்.

"எங்களுக்குள்ள என்ன சண்டை? அவங்கதானே எனக்கு இந்த வேலையே வாங்கிக்கொடுத்தாங்க" என்றாள் அவள், மடித்த துண்டுகளை அடுக்கியபடியே.

ரோலருக்கு இந்தப் பக்கம் நின்ற அண்ணிக்கு அது கேட்டது. எதிரில் நின்ற பெண் விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அண்ணி தன் முனையை எடுத்து உதறினாள்.