இங்கிலீஷ் மிஸ் பரீட்சை எழுதுகிறார்

ஆங்கில ஆசிரியை வேலையில் ஒரு பெரிய வசதி, கேள்வி கேட்கிறவர் எப்போதும் நாமாகவே இருப்போம். அந்த வசதியைப் பத்தொன்பது வருஷம் நானும் அனுபவித்தேன். கொல்கத்தாவில் மானிக்தலா பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு நான்தான் இங்கிலீஷ் மிஸ். ஒரு நாள் பள்ளிக்குப் புது நிர்வாகம் வந்தது. வந்த மூன்றாம் வாரம் ஒரு சுற்றறிக்கை. ஆங்கிலம் நடத்துகிற பன்னிரண்டு பேரும் ஒரு வருஷத்துக்குள் வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் உயர்நிலை ஆங்கிலத் தேர்வில் தேறிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். தேறாதவர்கள் கீழ்த்தளத்தில் மழலையர் வகுப்புக்குப் போய் ரைம்ஸ் சொல்லிக்கொடுக்கலாம்.

சுற்றறிக்கையில் மூன்று இலக்கணப் பிழைகள் இருந்தன. அதை எடுத்துச் சொல்லும் தைரியம் அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியபின் பரீட்சைக்காகப் பென்சில் சீவியவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்றைய என் நிலைமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்பதாவது பேட்ச்

நாங்கள் இருப்பது சால்ட் லேக்கில். செக்டர் ஐந்துக்குப் போகிற வழியெல்லாம் இந்தத் தேர்வுக்கான பயிற்சி நிலையங்கள்தான். ஆபீஸ் விட்டு வருகிற பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உள்ளே போவார்கள். ஒரு சனிக்கிழமை நானும் போனேன். வரவேற்பில் இருந்த பெண் படிவத்தைக் கொடுத்து, "வேலை?" என்று கேட்டாள். "ஹவுஸ்வைஃப்" என்று எழுதிவிட்டேன். அதுதான் அந்த ஒரு வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய்.

பயிற்றுநரைப் பார்த்துவிட்டுச் சேரலாம் என்றார்கள். கதவைத் திறந்தால் நாற்காலியில் சயந்தன். பத்து வருஷம் முன்னால் என் வகுப்பில் கடைசி பெஞ்சு. பதறி எழுந்து வந்து காலைத் தொட்டான். நான் யாருக்காகவோ விசாரிக்க வந்ததாகச் சொன்னேன். கையில் இருந்த படிவத்தில் என் பெயரும் போட்டோவும் இருந்தன. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மிஸ், ஒன்பதாவது பேட்ச்ல இடம் இருக்கு, ஆனா உங்க பேரைக் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுக்க எனக்கு நாக்கு வராது."

எல்லாம் ஒரே புத்தகம்

ஆக, வீட்டிலேயே தனியாகப் படிப்பது என்று முடிவாயிற்று. காலேஜ் ஸ்ட்ரீட்டில் தடிமனான பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கிப் பிரவுன் அட்டை போட்டு, பள்ளிக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன். ஓய்வு பீரியடில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து படிப்பேன். யாராவது கேட்டால் பக்திப் புத்தகம் என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. எங்களில் மூத்தவர் சுதபா-தி. தி என்றால் இங்கே அக்கா. அவர் எல்லார் காதிலும் விழும்படி, "இந்த வயசுல எவன் படிப்பான்? வந்தது வரட்டும்" என்பார். நாங்களும் பலமாகத் தலையாட்டுவோம்.

ஒரு நாள் தீயணைப்பு ஒத்திகை என்று மணி அடித்து எங்களை மைதானத்துக்கு ஓட்டினார்கள். திரும்பி வந்தால், ஆசிரியர் அறையைப் பெருக்குகிற மாஷி, நம்மூர் ஆயா, மேஜைகளைத் துடைத்து, சிதறிக் கிடந்த புத்தகங்களையெல்லாம் நடுவில் அடுக்கி வைத்திருந்தார். பிரவுன் அட்டை போட்டவை ஏழு. ஏழும் ஒரே உயரம், ஒரே தடிமன். எதையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. பிரித்தால் குட்டு வெளிப்படும். எல்லாரும் சுவரில் இருந்த டைம் டேபிளைப் படிக்கத் தொடங்கினோம். சுதபா-திதான் மிக ஆழமாகப் படித்தார். வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போன மாஷி வாசலில் நின்று சொன்னார்: "எதை வேணா எடுத்துக்கோங்க மிஸ், நான் பார்த்துட்டேன், எல்லாம் ஒரே புஸ்தகம்தான்."

காலையில் வரும் ஆண் குரல்

காதால் கேட்டு விடை எழுதும் பகுதிதான் எனக்குப் பெரிய தலைவலி. பதிவில் இரண்டு பேர் படபடவென்று பேசுவார்கள். அவர்கள் சொன்னது என்ன என்று கேட்டால் பரவாயில்லை. சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்பார்கள். கோடை விடுமுறையில் என் கணவர் பேங்குக்குக் கிளம்பியதும் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பேன்.

இரண்டு வாரம் ஆனதும் கீழ்வீட்டு மித்ரா பௌதி மேலே வந்தார். பௌதி என்றால் அண்ணி. உரிமை உள்ள அண்ணிதான். தேநீர் வேண்டாம் என்றார், பிஸ்கட் வேண்டாம் என்றார். கடைசியில், என் கணவர் வெளியே போனபிறகு தினமும் ஓர் ஆண் இங்கே இங்கிலீஷில் பேசுவது கீழே வரைக்கும் கேட்கிறது, கூட ஒரு பெண்ணும் சண்டை போடுகிறாள், எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பதிவைப் போட்டுக் காட்டினேன்.

ஒரு தம்பதி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பெண் ஏன் தயங்குகிறாள் என்பது கேள்வி. ஹோட்டலில் அறை கிடைக்கவில்லை என்பதற்கு நேரே நான் டிக் போட்டிருந்தேன். அவள் தன் வாயாலேயே அதைச் சொன்னாளே. பௌதி பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, பாதி வார்த்தை அவருக்குப் புரிந்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே தடவை கேட்டார். எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "ரூம் கிடக்கட்டும் ஜெயந்தி, அந்தப் பொண்ணுக்கு அவனோட போகவே இஷ்டம் இல்ல." புத்தகத்தின் பின்னால் விடைப் பக்கத்தைத் திருப்பினேன். பௌதிதான் சரி.

அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் அவரும் வந்து உட்கார்ந்தார்.

ஒரு சின்ன 'அப்'

சமாளிப்பதற்கு ஆங்கிலத்தில் 'கோப் அப் வித்' என்று எழுதுவோம் இல்லையா? நான் எழுதுவேன். என் ஆசிரியை எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். பயிற்சிப் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், நடுவில் இருக்கிற 'அப்' தப்பு என்றது. அச்சுப் பிழை என்று நினைத்து அகராதியைப் பார்த்தேன். அப்புறம் இன்னொரு அகராதி. பத்தொன்பது வருஷம், வருஷத்துக்கு நூறு பிள்ளைகள். கணக்குப் போடாமல் புத்தகத்தை மூடி வைத்தேன்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை. வகுப்பில் போய்க் கரும்பலகையில் எழுதி, அந்த 'அப்'பை அழித்து, இதுவரை நான் சொன்னது தப்பு, இனிமேல் இப்படி எழுதுங்கள் என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. நம் நேர்மையைக் கண்டு நெகிழ்ந்துவிட்டார்கள் என்று எனக்குள் ஒரு பெருமிதம் எழும்பியது. மூன்றாவது பெஞ்சிலிருந்து திதிப்ரியா கையைத் தூக்கினாள்: "மிஸ், அப்படின்னா போன டெர்ம்ல நான் சரியா எழுதினதுக்கு நீங்க சிவப்பு மையில 'அப்' சேர்த்து வெட்டின அரை மார்க்?"

இரண்டு நிமிஷம்

பேசும் தேர்வுக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தேர்வாளராக உட்கார்ந்தார். பேங்க் ஆபீசர் அல்லவா, முகத்தை அப்படி வைத்துக்கொள்ள அவருக்குப் பழக்கம். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் ஒருவரோடொருவர் இங்கிலீஷில் பேசியதே இல்லை. மகளுக்குப் புரியக்கூடாது என்று ஒரு காலத்தில் முயன்றோம். எங்களைவிட அவளுக்கு அது சீக்கிரம் புரிந்துவிட்டதால் விட்டுவிட்டோம்.

சீட்டு எடுத்தேன். 'உங்கள் குடும்பத்தில் முக்கியமான முடிவுகளை எடுப்பது யார்?' இரண்டு நிமிஷம் பேச வேண்டும். முதல் அரை நிமிஷம் தடுமாறினேன். அப்புறம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது என்னைக் கேட்காமல் ஒப்புக்கொண்டது, சோபா, மகளின் காலேஜ், என் தம்பி கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னால்தான் போனது, எல்லாம் நல்ல ஆங்கிலத்தில் தங்குதடையின்றி வந்தது. இறந்த கால வினைச்சொல் ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் போனில் ஓடிய கடிகாரத்தை நிறுத்திவிட்டுத் தமிழில் சொன்னார்: "நேரம் முடிஞ்சு ரொம்ப நாழியாச்சு, ஆனா நீ இன்னும் முடிக்கலை போல இருக்கே."

பெயர் தெரியாதவர் கட்டுரை

எழுதிப் பார்க்கலாம், திருத்துவது யார்? சயந்தனிடம் கொடுக்க மானம் தடுத்தது. ஆசிரியர் அறையில் கொடுத்தால் படிக்கிறேன் என்று தெரிந்துவிடும், எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தபிறகும் அந்த நாடகம் அங்கே நடந்துகொண்டுதான் இருந்தது. அதனால் நகரத்தில் மரங்கள் குறைவதைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைத் தட்டச்சு செய்து, நகல் எடுத்து, 'ஒரு தேர்வரின் கட்டுரை, குறைகளைக் கண்டுபிடி' என்று பத்தாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டேன்.

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொன்னபோது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துப் புன்னகைத்துக்கொண்டேன். பிறகு தொடங்கினார்கள். முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் ஒரே விஷயம். 'இதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு' என்று மூன்று இடத்தில் வருகிறது. ஒரு மரத்தின் பெயர்கூட இல்லை. பள்ளிக்கு எதிரே புதிய கட்டடத்துக்காக ஒரு கடம்ப மரத்தை அப்போதுதான் வெட்டியிருந்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் வருகிறேன், எழுதத் தோன்றவில்லை. அந்தக் கட்டுரையை நான் எழுதிய அதே முறையில்தான் இத்தனை வருஷமும் இவர்களையும் எழுத வைத்திருக்கிறேன். கடைசியாக, அதிகம் பேசாத அரித்ரா எழுந்து, எழுதியவர் மனம் நோகக்கூடாது என்பதுபோலச் சொன்னான்: "இவருக்கு இங்கிலீஷ் நல்லா தெரியும் மிஸ், சொல்றதுக்குத்தான் ஒண்ணும் இல்லை."

ஜோடி

பூஜை விடுமுறை முடிந்த கையோடு தேர்வு. பேசும் தேர்வில் இரண்டிரண்டு பேராக உள்ளே அனுப்புவார்கள். என்னோடு வந்தவள் ரெஹானா, ஹவுராவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், இருபத்தைந்து வயது இருக்கும். வெளிநாட்டில் வேலை தயார், இந்தச் சான்றிதழ்தான் பாக்கி. அவள் பயந்துபோயிருந்தாள். நான் தைரியம் சொன்னேன். எனக்கு யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது.

உள்ளே ஒரு படத்தைக் கொடுத்து இருவரையும் விவாதிக்கச் சொன்னார்கள். அவள் ஆரம்பித்தாள். 'பீப்பிள்ஸ்' என்றாள். என் வாய் என்னைக் கேட்காமலே 'பீப்பிள்' என்றது. தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டேன். அடுத்த வாக்கியத்தில் மறுபடி 'பீப்பிள்ஸ்', மறுபடி நான். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். அதற்குப்பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மார்க் போனால் போகட்டும், இந்தப் பெண்ணின் வேலையைக் கெடுத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்டேன். அவள் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்: "இது எனக்கு மூணாவது தடவை மேடம், முன்னாடி ரெண்டு தடவையும் ஜோடியா வந்தவங்க என்னைப் பேசவே விடலை, நீங்க பேசவிட்டுத்தானே திருத்தினீங்க."

சான்றிதழ்

ரெஹானா தேறினாள். நானும் தேறினேன். கேட்கும் பகுதியில் எனக்கு அதிக மார்க். அதற்கு மித்ரா பௌதிக்கு ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு கொடுத்தேன். ஆகக் குறைவு இலக்கணத்தில். பன்னிரண்டு பேரில் தேறியவர்கள் நாலு பேர். பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கராத்தேயில் மெடல் வாங்கிய ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கும் ஓவியப் போட்டியில் ஜெயித்தவனுக்கும் நடுவில் என் போட்டோ. 'நம் பள்ளியின் நட்சத்திரங்கள்.'

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். யார் உதவியும் இல்லாமல் நீங்களே படித்துத் தேறியது எல்லாருக்கும் முன்மாதிரி, ஆகவே தினமும் பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் மற்ற ஆசிரியர்களைத் தயார் செய்யுங்கள் என்றார். பத்தாம் வகுப்பு நோட்டுகளை அள்ளிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனபோது சுதபா-தி பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் தேறவில்லை, கீழ்த்தளத்தில் ரைம்ஸ் எடுக்கிறார். சம்பளம் அதேதான், திருத்த நோட்டு கிடையாது. என் கையில் இருந்த கட்டைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடச் சாப்பிட்டுத் தூங்கறேன் ஜெயந்தி, நீ எதுக்காகப் பாஸ் பண்ணினேன்னுதான் எனக்கு இன்னும் புரியலை."

தேறினால் இப்போதைய வேலை போகாது என்றார்கள், சொன்ன சொல் தவறவில்லை, வேலை எங்கேயும் போகாமல் இன்னொன்றையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு என்னிடமே தங்கிவிட்டது.