டெண்ட் கொட்டாயில் அம்மா

வீட்டுக்கு எதிரே கட்டட வேலைக்கு லாரி கொட்டிவிட்டுப் போன ஈரமணலின் வாசனையில், இன்று கண்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கும் திருவொற்றியூர் கடலோரத்தில் அன்றிருந்த டெண்ட் கொட்டாய் அப்படியே கண்முன் எழுந்து வந்தது.

பெண்கள் பக்கம் மணலைக் குவித்து மேடாக்கி, மீன் விற்ற கையோடு அம்மா என்னை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அன்றைய சண்டைப் படத்துக்கு ஹீரோவேதான் டைரக்டர். கப்பலிலிருந்து அவர் கடலில் விழுந்ததும் ரீல் முடிந்து விளக்கு எரிந்தது; அடுத்த ரீல் மாட்டும்வரை, புருஷனைக் கடலுக்கு அனுப்புகிற எங்கள் குப்பத்துப் பெண்கள் நிஜமாகவே ஒப்பாரி வைத்தார்கள்.

“இன்னாத்துக்கு அழுவுறீங்க? படத்த எடுக்கறதே அவுருதான், தன்னத்தானே சாவடிச்சிக்குவாரா?” என்றாள் அம்மா.

விளக்கணைந்தது. பல்லில் கத்தியைக் கடித்தபடி அவர் கயிறேறி வர, கொட்டாயே மணலை வாரி இறைத்துக் கூச்சலிட்டது. அம்மா மட்டும், படத்தைத் தானே டைரக்ட் செய்தவள்போல, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.