புனோம் பென்னில் ஒரு சிவப்புப் பூட்டு

சர்வீஸ் டெக்னீஷியனுக்கு யாரும் ஓடுகிற மெஷினைக் காட்டமாட்டார்கள். நின்றுபோன மெஷினையும் அதன் பக்கத்தில் நிற்கிற கடுகடு முகத்தையும்தான் காட்டுவார்கள். இந்தப் பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரகடத்தில் எங்கள் கம்பெனி செய்து அனுப்பிய பிரஸ் மெஷின் ஒன்று கம்போடியாவின் தலைநகரில் மக்கர் செய்தது. அங்கே வெயில் உச்சத்தில் இருக்கும் ஏப்ரலாகப் பார்த்து என்னை அனுப்பிவைத்தார்கள்.

எனக்கா வெயில்?

போய் இறங்கிய அன்று ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீபெரும்புதூரில் மே மாத மத்தியானத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்று பழகியவள் நான், எனக்கா வெயில் என்று திமிராக உச்சிவேளையில் ஆற்றங்கரைக்குக் கிளம்பினேன். நீண்ட நடைபாதை, வரிசையாகக் கொடிக்கம்பங்கள், எதிரே அரண்மனை, எல்லாம் இருந்தன. மனிதர்கள்தான் இல்லை. ஆட்டோக்காரர்கள்கூட வண்டிக்குள்ளேயே தூளி கட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆற்றிலிருந்து காற்று வரும் என்று பார்த்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. அப்படியும் திரும்பவில்லை, கடைசிக் கொடிக்கம்பம்வரை நடந்தேன். வீம்புதான், வேறென்ன? அங்கே நின்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தபோது வாலாஜாபாத்திலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாம்மா நீ, ஆறு பாக்கப் போனியா, வத்தல் காயப் போனியா?"

மெஷினுக்குக் காற்று

மறுநாள் ஃபேக்டரி. தகரக் கூரை. மெஷினின் மின்சாரப் பெட்டியைக் குளிர்விக்கிற கூலர் செத்துக் கிடந்தது. பெட்டி சூடானால் உள்ளே இருக்கிற சென்சார் மெஷினை நிறுத்திவிடும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. அங்கிருந்த மேனேஜர் செய்த வைத்தியம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பெண்கள் வேலை செய்யும் பக்கமிருந்த பெரிய ஃபேனைத் தூக்கிவந்து மெஷின் பெட்டிக்கு வீசவிட்டிருந்தார். பெண்கள் அட்டையைக் கிழித்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மெஷினை ஓட்டுபவள் போபா. என் வயதுதான் இருக்கும். பாதி இங்கிலீஷ், பாதி கைஜாடையில் பேசிக்கொண்டோம். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் அவர்களுக்கும் வருஷப் பிறப்பு. ஊரில் அம்மாவிடம் விட்டிருக்கும் மகளைப் பார்க்க டிக்கெட்கூட எடுத்துவிட்டாள். ஆனால் மெஷின் ஓட ஆரம்பித்தால் லீவு ரத்து, ஆர்டரை முடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, என்னிடம் சிரிக்காமல் கேட்டாள்.

"அக்கா, சூடானா நாங்களும் நின்னுபோற மாதிரி எங்களுக்கும் ஒரு சென்சார் அனுப்பக் கூடாதா?"

பூட்டு

புதுக் கூலர் வருஷப் பிறப்பு முடிந்துதான் வரும் என்று தெரிந்ததும் மேனேஜர் ஒரு யோசனை சொன்னார்: சென்சாரை பைபாஸ் செய்துவிடு, மெஷின் நிற்காமல் ஓடட்டும். பெட்டிக்குள் ஒயர்கள் ஏற்கெனவே சூட்டில் இளகி, கருகிய வாடை அடித்தது. அவை ஒன்றோடொன்று ஒட்டி, நேரம் கெட்டு பிரஸ் தானாக இறங்கினால் அதன் அடியில் இருக்கப்போவது போபாவின் கை. முடியாது என்றேன். அவர் ஒரகடத்துக்குப் போன் போட்டார். அடுத்த நிமிடம் என் பாஸ் கூப்பிட்டார்: "கஸ்டமர் சொல்றத செஞ்சுட்டு வராம அங்க போய் சட்டம் பேசிக்கினு கீறியா? அடுத்த டிரிப் உனக்கு இல்ல, பாத்துக்க."

இல்லாவிட்டால் போகட்டும். என் பையிலிருந்த சிவப்புப் பூட்டை எடுத்து மெயின் சுவிட்சில் போட்டுப் பூட்டினேன். நம் தொழிலில் இது எழுதாத சட்டமல்ல, எழுதிய சட்டமே: மெஷினில் கைவைக்கிறவர் தன் பூட்டைப் போடவேண்டும், போட்டவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது. சாவியை மேனேஜர் கண்ணெதிரேயே கைப்பைக்குள் போட்டேன். மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீ ரிப்பேர் பண்ண வந்தியா, பூட்டுப் போட வந்தியா?"

சித்திரை ஒன்று

நின்ற மெஷினை வைத்துக்கொண்டு அவர் யாரை வேலைக்குப் பிடித்துவைப்பார்? லீவு விட்டார். தலைநகரமே மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டது. நான் மட்டும் லாட்ஜில், சாவியோடு. பண்டிகையும் அதுவுமாகத் தனியாக இருந்தது கஷ்டமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போனேன். ஊரில் மிச்சமிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி, முகத்தில் பவுடர் பூசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு அம்மாள் என் கன்னத்திலும் அப்பிவிட்டுப் போனாள்.

அப்போது போபாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மடியில் மகள், இரண்டு பேர் முகத்திலும் வெள்ளைப் பவுடர். கீழே ஒரு வரி.

"அக்கா, சாவியைத் தொலைச்சிடுங்க."

தொலைக்கவில்லை, லீவு முடிந்து வந்த கூலரை மாட்டி, அந்த ஃபேனைப் பெண்கள் பக்கமே கொண்டுபோய் வைத்த பிறகுதான் பூட்டைத் திறந்தேன். அடுத்த டிரிப்புக்கு என் பெயர் இல்லையாம். வேறு யாரை அனுப்பினாலும் அவர் பையிலும் ஒரு சிவப்புப் பூட்டு இருக்கும் என்பதைக் கம்பெனியில் மறந்துவிட்டார்கள்.