ஓடைக்கு அக்கரைத் தொட்டி

கண்டிக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் எனக்குக் கழுவும் தொட்டியில் வேலை. தோல் உரித்த விதைகளை அதில் ஊறப்போட்டு, கொழகொழப்பு விட்டதும் கழுவ வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் நாசம். அந்தப் பதம் என் உள்ளங்கைக்குத் தெரியும். அது பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடக் கூடாது என்று துரை என்னைக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்திலிருந்து பிரித்து, தொட்டியருகே தனிக் குடிசையில் வைத்தார். பேச்சுத் துணைக்கு ஒரு நாய்கூட இல்லை.

பக்கத்துத் தோட்டம் ஓடைக்கு அக்கரையில் இருந்தது. அங்கேதான் என் தங்கச்சி குடும்பம். எனக்கென்று இருந்த ஒரே சொந்தம். அந்த வருஷம் அவள் புருஷனையும் தொட்டி வேலைக்குப் போட்டார்கள். தண்ணீர் எடுக்க வந்தவள் அக்கரையில் நின்று கேட்டாள்.

“அண்ணே, ஒங்க மச்சானுக்குப் பதம் புடிபடல. கோப்பி கெட்டுச்சுன்னா எங்கள வெரட்டிருவாங்க. ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே.”

“பொறு தாயி, தொரகிட்ட கேட்டுட்டு வாரேன்.”

நேராகத் துரையிடம் போனேன். “தொட்டி ஒங்களோடது தொர, கை என்னோடதுங்க. நா வேற தோட்டத்துக்கு ஓடல. தங்கச்சி பொழப்புக்காகக் கேக்குறேன்” என்றேன். என் கோப்பியைக் கெடுத்துக் கெடுத்துத்தானே அந்தக் கை படித்தது என்றார் அவர். அதிலும் நியாயம் இருந்தது, எழவு! கடைசி மூட்டை கண்டிக்கு இறங்கும்வரை வாய் திறக்காதே, பிறகு யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொடு என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மச்சான் சும்மா இருக்கவில்லை. நான் மடையைத் திறந்தால் கழுவிய தண்ணீர் ஓடையில் நுரைத்து இறங்கும். அதைப் பார்த்து அவரும் திறந்தார். என் தொட்டியில் நாள் முழுக்க வெயில். அவருடையது மலை நிழலில், குளிரில். அங்கே கொழகொழப்பு விட்டிருக்காது. வேண்டாம் என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டினார்.

அவர் காயப்போட்ட கோப்பி பூசணம் பூத்து நாறியது. குடும்பத்தோடு விரட்டிவிட்டார்கள். எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்ல ஆளில்லை.

கடைசி மூட்டை வண்டியேறிய அன்று, இனிச் சொல்லலாம் என்றார் துரை. பேச்சு மாறாத மனுஷன். நான் ஓடைக்கு வந்து தொண்டை கிழியக் கத்தினேன்.

“கையில வச்சுத் தேச்சுப் பாரு தாயி! வழுக்குனா மடையத் தொறக்காத! நறநறன்னு சத்தம் கேக்கணும்! ஒங்க தொட்டி நெழல்ல இருக்கு, இன்னொரு ராத்திரி ஊற விடச் சொல்லு!”

அக்கரையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த யாரோ ஒரு பெண் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.