புட்டித் தேத்தண்ணி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்தபோது, பிள்ளைகளின் பையில் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, பால் புட்டி இருக்கும். அதில் பால் இருக்காது. டின் பால் ஊற்றிய தேநீர், எங்கள் பேச்சில் தேத்தண்ணி, இருக்கும். மலைக் குளிருக்கு அதுதான் மருந்து என்பது தாய்மார் கட்சி.

பிள்ளைகளில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, தேயிலை ஆலைத் தொழிலாளியின் மகள். காலையில் வருவாள், ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்பாள், தின்றுகொண்டே தூங்கிவிடுவாள். அடுத்த வருடம் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டியவள். அங்கேயும் தூங்கி வழிந்தால் 'மந்தம்' என்று ஒரே சொல்லில் ஓரங்கட்டிவிடுவார்களே என்று எனக்குப் பயம்.

பிள்ளைகளை எடை பார்க்க வந்த கிளினிக் தாதி அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் சோதித்ததில் சோகை என்று தெரிந்தது. இரும்புச் சத்து மருந்து கொடுத்தார்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுத்தால் சத்து உடம்பில் ஒட்டாது, நிறுத்துங்கள் என்றார்கள்.

மறுநாளே அவள் அப்பா வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஊருக்கெல்லாம் தூளு அரைச்சு அனுப்புறவன் நானு. எம்புள்ள குடிக்கக் கூடாதா லா?"

"பெரியவளானதும் வாளியில குடிக்கட்டும்ணே. இப்ப வேணாம்."

"நாங்கல்லாம் இதக் குடிச்சித்தான் வளந்தோம்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். "அப்ப இங்கயே ஒக்காந்து ஒங்க புள்ள வளர்றதப் பாருங்க" என்று ஒரு குட்டி நாற்காலியைத் தள்ளினேன்.

முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார். மற்ற பிள்ளைகள் பாடி ஆடிக் கூரையைப் பிய்த்தார்கள். அவர் மகள் வாயில் ரொட்டியோடு சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். அந்த ரொட்டியை விரலால் மெல்ல எடுத்துவிட்டார். அதன்பின் புட்டி வரவில்லை.

மருந்து தவறவில்லை. பக்கத்து ஊரான திரிங்காப்பின் காய்கறித் தோட்டக்காரர்களிடம் அவரே கேட்டு வாங்கிவந்த கீரையும் முட்டையும் எங்கள் பள்ளிச் சமையலில் சேர்ந்தன. மற்ற தாய்மாரும் என்னைத் திட்டிக்கொண்டே புட்டியை நிறுத்தினார்கள்.

சில மாதம் கழித்து, பிரிஞ்சாங் சந்தைக்குப் பஸ் ஏறிப் போன கரடிக் கதை ஒன்றை நானே கட்டிச் சொன்னேன். கரடி முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியது. பிள்ளைகள் கை தட்டி எழுந்தார்கள். அவள் மட்டும் எழவில்லை. கண் கொட்டாமல் என்னையே பார்த்தாள்.

"அப்புறம், டீச்சர்?"

அவளிடமிருந்து வந்த முதல் கேள்வி அது. முடிந்துபோன கதைதான். இருந்தாலும் கரடியை மறுபடி பஸ் ஏற்றி, சந்தையையும் தாண்டி இருக்கும் கோலா தெர்லாவுக்கு அனுப்பிவைத்தேன்.