ஓட்டுநர் இருக்கையில் ஒரு கொடி

என் அக்காவின் குரலைக் கேட்காதவர்கள் இந்த ஊரில் கிடையாது. முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைச்சல். பஸ் நிலையத்துப் பெரிய கடிகாரத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்து, எந்தப் பஸ் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிறது, எது புறப்படப்போகிறது என்று மைக்கில் சொல்வதுதான் அவள் வேலை. எதிர் வரிசையில் என் ஜெராக்ஸ் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து மாலையில் இறக்குகிறவரை அவள் குரல் என் தலைக்கு மேல் மிதந்துகொண்டே இருக்கும். பாதித் தூக்கத்தில் பேசுவது போல, அவசரமே இல்லாத குரல். பஸ்ஸைத் தவறவிட்டவன்கூட அதைக் கேட்டால் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவான்.

வீட்டிலும் அதே ராகம்தான். "சாப்பாடு தயாரா இருக்கு" என்று அவள் சொன்னால், எத்தனாவது பிளாட்பாரத்தில் என்று கேட்கத் தோன்றும். கேட்டும் இருக்கிறேன். முறைப்பாள்.

அவள் புருஷன், என் மாமா, ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். தினமும் காலையில் அவர் வண்டியையும் இவள்தான் அறிவிப்பாள். கூண்டைத் தாண்டும்போது மாமா ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ஊருக்கெல்லாம் சொல்ற மாதிரியேதான் எனக்கும் சொல்ற. கட்டின புருஷனுக்குன்னு தனியா ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?" என்று வம்புக்கு இழுப்பார். "ட்யூட்டின்னா ட்யூட்டிதான்" என்பாள் அக்கா, தட்டை வைத்தபடி.

அந்த மாமா ஒரு விடுமுறை நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. இதற்கு மேல் அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அக்கா மறுபடி வேலைக்கு வந்த காலையில் ஏழாம் நம்பரை அறிவித்தாள். வேறு யாரோ ஓட்டினார். அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் மெஷினில் தாள் சிக்கியதுகூடத் தெரியாமல் நின்றேன்.

கொஞ்ச காலத்தில் அந்த வண்டியும் ஓய்ந்துபோனது. பஸ் நிலையத்துப் பின்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்தால் பணிமனையின் யார்டு. கண்டமான, அதாவது இனி ஓடாது என்று ஒதுக்கிய பஸ்களை அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். டயரைக் கழற்றிவிடுவதால் எல்லா வண்டிகளும் முட்டி போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். நாளாக நாளாக ஜன்னல் வழியாகத் தூசியும் சருகும் உள்ளே விழுந்து, மழையில் நனைந்து, சீட்டுகளுக்கு இடையில் மண்ணாகிவிடும். பிறகு பயணிகள் வர ஆரம்பிப்பார்கள். நடைபாதையில் புல். படிக்கட்டில் குப்பைமேனி. ஊர்ப் பெயர் எழுதிய பெட்டிக்குள் மைனாக் குடும்பம். மத்தியான வெயில் பச்சையாக வடிந்து உள்ளே இறங்கும்போது, அந்தப் பஸ்கள் நின்ற இடத்திலேயே எங்கோ போய்க்கொண்டிருப்பது போலத்தான் எனக்கே இருக்கும். நான் அவ்வளவு சுலபமாக மயங்குகிற ஆள் இல்லை.

அக்கா மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தினமும் அங்கே போய்விடுவாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஏழாம் நம்பர் அங்கேதான் நின்றது.

அந்த நாட்களில்தான் புத்தகம் வந்தது. பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போனது. உள்ளங்கை அளவு, பச்சை அட்டை. இந்தப் பக்கத்துச் செடி, பறவை, பூச்சிகளைப் பார்த்த இடத்திலேயே அடையாளம் கண்டுபிடிப்பதற்கான புத்தகம். "பச்சை அட்டை போட்ட கையடக்கப் புத்தகத்தைத் தவறவிட்டவர் கூண்டுக்கு வரவும்" என்று அக்கா கூவாத நாளில்லை. யாரும் வரவில்லை. கேட்பாரில்லாத பொருளை ஊழியர்களே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி. குடைக்கும் டிபன் பாக்ஸுக்கும் அடித்துக்கொள்வார்கள். புத்தகத்தை யார் சீண்டுவார்கள்? அது அக்காவின் கைப்பையில் குடியேறியது. மழைக்குத் தாங்கட்டும் என்று நான் கண்ணாடித் தாளில் அட்டை போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் புத்தகத்தின் வேலை முறை வேடிக்கையானது. கேள்வியாகக் கேட்கும். கொடியா, நிமிர்ந்த செடியா? கொடி என்றால் இந்தப் பக்கம் போ. இலைகள் ஜோடியாக எதிரெதிரே இருக்கின்றனவா? ஆம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். இப்படியே போனால் கடைசியில் படமும் பேரும் வரும். அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. பஸ்ஸுக்கு வழி சொல்கிறவள்தானே. வீட்டில் இருப்பவர்களையும் விட்டுவைக்கவில்லை. "உருவம் உருண்டை. சத்தம் ஓயாது. காணப்படும் இடம் ஜெராக்ஸ் கடை. அரிய வகை இல்லை" என்று ஒருநாள் என்னைப் பார்த்து வாசித்தாள். நாற்பதைத் தாண்டிய என்னை இன்னும் குட்டி என்று கூப்பிடுகிறவள், உருவத்தை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் யார்டிலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். கண் எங்கேயோ இருந்தது.

"குட்டி, மாமா சீட்டுக்கு அடியிலேருந்து ஒரு கொடி வந்திருக்குடி."

"யார்டு முழுக்கக் கொடிதானேக்கா."

"இது வேற. ஸ்டியரிங்கைச் சுத்திப் புடிச்சிருக்கு."

நானும் போய்ப் பார்த்தேன். மெல்லிய கொடி. ஸ்டியரிங்கை இரண்டு சுற்றுச் சுற்றி, முன்கண்ணாடிப் பக்கம் கை நீட்டியிருந்தது. கண்ணாடிக்கு மேலே ஒரு கொக்கி. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் அக்கா அதில் ஒரு குட்டிச் சீசாவைத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே நிறைய குன்றிமணி, சிவப்பில் கறுப்புக் கண் வைத்தது. சீசா குலுங்குகிற சத்தம் மாறினாலே எஞ்சினில் ஏதோ கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவதாக மாமா பெருமை பேசுவார். ஒருநாள் பள்ளத்தில் வண்டி இறங்கி, சீசா விழுந்து உடைந்தது. சட்டைப் பையில் கொஞ்சம் மணியைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். "மிச்சம் எங்கே?" என்று அக்கா கேட்டாள். "சீட்டுக்கு அடியில கெடக்கும். எங்க போகப்போகுது?" என்றார். அதற்கு அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது எங்கள் வீட்டில் பெரிய கதை.

கொடிக்கு வருகிறேன். அக்கா புத்தகத்தைத் திறந்தாள். கொடிதான், சரி. இலைகள் பொடியாக, நேர்த்தியாக, ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருந்தன. ஆம். அங்கிருந்து போன வழியில் வந்த படம் எதுவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றுக்கு இலை பெரிது, ஒன்றுக்குத் தண்டில் பால் வடியும். "பூ வரட்டும்" என்றாள். அதே வாரம் யார்டைப் பார்த்துக்கொள்பவர், பழைய இரும்புக்காக வெட்ட அனுப்புகிற பஸ்களில் சுண்ணாம்புக்கட்டியால் பெருக்கல் குறி போட ஆரம்பித்தார்.

"அண்ணே, ஏழாம் நம்பருக்கு எப்போ?" என்று அக்கா கேட்டாள்.

"கடைசியாப் போடுறேம்மா. ஆனா போட்டுத்தான் ஆகணும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"வண்டியை வெட்டுறதுக்குள்ள அது என்னன்னு தெரிஞ்சாகணும்டி. அவரு சீட்டுல வந்து உக்காந்திருக்கு. யாரு எவருன்னு தெரியாம எப்படி அனுப்பறது?"

என்னவோ சொல்லிச் சமாளித்தேன்.

பூ வந்தது. வெளிறிய ஊதாவில், அவரைப் பூ ஜாடையில், கொத்தாக. அக்கா கூண்டிலிருந்து எனக்குக் கை காட்டினாள். மறுபடி புத்தகம், மறுபடி அதே வழி. எதிரெதிர் இலையில் அப்படி ஒரு பூ புத்தகத்திலேயே இல்லை. கொடி கூரையில் இருந்த காற்றுத் திறப்பு வழியாக வெளியே ஏறி, வெயிலில் என்னவோ செய்துகொண்டிருந்தது. எங்களுக்குக் கீழ்ப்பகுதிதான் தெரியும்.

"ஒருவேளை இது யாருமே பாக்காத செடியோ, குட்டி?" என்றாள் ஒருநாள், பாதிக் கனவில். "புத்தகத்துலயே இல்லையே. அவருக்குன்னு தனியா வந்ததோ?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "ஆமா, பேரு வைக்க நம்மளத்தான் தேடிக்கிட்டிருக்காங்க" என்றேன். ஆனால் அவள் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்தது. அறிவிப்பில்கூட ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அது பொய்யானால் என்ன ஆவாளோ என்று பயமாகவும் இருந்தது.

கடைசியில் ஏழாம் நம்பருக்கும் பெருக்கல் குறி விழுந்தது. இழுத்துப்போகிற கிரேன் வண்டி வந்த அன்று நான் கடையை அப்படியே போட்டுவிட்டு அக்காவோடு போனேன். யார்டுக்காரர் கூரைமேல் ஏறிச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா மாமாவின் சீட்டில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து, கேள்விகளை மறுபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் படியில் தடுக்கி, பிடிமானத்துக்குக் கொடியைப் பிடித்தேன். ஒரு காம்பு கையோடு வந்துவிட்டது.

"ஏய், பிய்க்காதடி!"

"ஒரு இலைதான்க்கா வந்துச்சு."

"ஒரு இலையா? அது முழுசா ஒரு கிளை..." என்று திட்ட வந்தவள் அப்படியே நின்றாள். காம்பு பிய்ந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு மொட்டு இருந்தது. பொடி இலைகளின் அடியில் மொட்டே இல்லை. புத்தகத்தின் முன்னுரையைத் தேடிப் புரட்டினாள். முன்னுரையை யார் படிக்கிறார்கள்? அவளும் படித்ததில்லை. மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இலை தொடங்குகிறது, முதலில் எது இலை என்று பார்த்துக்கொள், சிற்றிலைகளை இலை என்று எண்ணி ஏமாறாதே என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

"நான் ஜோடி ஜோடின்னு பாத்ததெல்லாம் ஒரே இலைடி. இத்தனை நாளும் தப்பான பஸ்ஸுல உக்காந்திருந்திருக்கேன்."

முதல் கேள்விக்குத் திரும்பினாள். கொடியா? ஆம். இலை எதிரெதிரா? இல்லை. இறகு மாதிரி பிரிந்த இலையா? ஆம். நுனியில் ஒற்றைச் சிற்றிலை உண்டா? இல்லை. பூ ஊதாவா? ஆம். காய் வெடித்தால் உள்ளே விதை எப்படி இருக்கிறது என்று புத்தகம் கேட்டது.

"அண்ணே," அக்கா கூரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "மேல காய் ஏதாவது இருக்கா, பாருங்களேன்."

"நெறையக் காஞ்சு தொங்குதும்மா. இந்தாங்க, புடிங்க."

காற்றுத் திறப்பு வழியாக ஒரு கொத்து இறங்கி வந்தது. காய்ந்து, முறுக்கி, வெடித்த காய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் வரிசையாகச் சிவப்பு மணிகள், கறுப்புக் கண்ணோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

குன்றிமணி என்றால் சீசாவில் இருப்பது. அது கொடியில் காய்க்கும், அதற்கு இலை இப்படி இருக்கும் என்றெல்லாம் எங்களுக்கு யார் சொன்னது? அக்கா அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. புத்தகத்தை மூடிவிட்டாள். யாருமே பார்க்காத செடி இல்லை. வேலியோரமெல்லாம் படர்கிற செடி. அவள் உடைந்துபோவாள் என்று நான் அவள் தோளைப் பிடித்தேன்.

"எங்க போகப்போகுதுன்னு சொன்னாருல்ல," என்றாள். "இங்கேயேதான்டி இருந்திருக்கு."

அப்புறம் அழுதாள். மாமா போனபோதுகூட அப்படி அழவில்லை. நானும் அழுதேன். கூரைமேல் இருந்தவர் சங்கிலியை மாட்டி முடித்துவிட்டும் கீழே இறங்காமல் இருந்தார்.

மணிகளை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். "வாயில வெச்சுடாத, விஷம்னு சொல்லுவாங்க" என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு எச்சரிக்கை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்தாள், கூண்டுக்குப் போனாள். ட்யூட்டின்னா ட்யூட்டிதான்.

கிரேன் வண்டி ஏழாம் நம்பரை இழுத்துக்கொண்டு, யார்டின் பெரிய கேட்டைத் தாண்டி, பஸ் நிலையம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். டயர் இல்லாத பின்பக்கம் ஒரு தள்ளுவண்டிமேல் உட்கார்ந்திருக்க, ஜன்னலிலிருந்து கொடி தொங்கிக்கொண்டிருக்க, அது மெதுவாகக் கடிகாரத்தை நெருங்கியபோது ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள் கவனத்திற்கு. ஏழாம் நம்பர் வண்டி புறப்படுகிறது."

அதே குரல், அதே ராகம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பிளாட்பாரம் என்று என்னிடம் கேட்டார். நான் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைக் இன்னும் அணையவில்லை. அவள் மூச்சு விடுவது பஸ் நிலையம் முழுக்கக் கேட்டது.

"பாத்துப் போங்க" என்றாள்.